கரும்பலகையிலிருந்து நீதிமன்றத்துக்கு

திண்டிவனம் அருகே உள்ள அந்தக் காலனியில் இன்றும் அவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால், நாம் அவரைச் சந்தித்தது நீதிமன்ற வளாகத்தில். கறுப்புக் கோட்டு அணிந்து, மூத்த வழக்கறிஞரின் வழக்குக் கட்டுகளைச் சுமந்து நின்றார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பி.எட். முடித்து ஏழு ஆண்டுகள் தனியார் பள்ளியில் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 9,000 ரூபாய். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் அரசுப் பணி கிடைக்கவில்லை.

"சம்பளத்துக்காக மட்டும் விடலைங்க. எங்க பெரியப்பாவை அடிச்சப்ப ஸ்டேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். அவர் சொன்னதை எழுதி, படிச்சுக் காட்டாமலே கையெழுத்து வாங்கிட்டாங்க. படிச்ச எனக்கே என்ன கேக்கணும்னு தெரியலை" என்றார்.

வாய்மொழிப் புகாரை எழுதினால், படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்; நகலை உடனே கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 2016 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. அவருக்கு இது சட்டக் கல்லூரியில்தான் தெரிந்தது.

வேலையை விட்ட அன்று அம்மா அழுதிருக்கிறார். "நம்ம தெருவுக்கே மொத வாத்தியாருடா நீ" என்றாராம். அந்த அழுகையின் நியாயம் நமக்குப் புரியும். வகுப்பில் தனியே உட்கார வைக்கப்பட்ட தலைமுறைக்கு, பிள்ளை வாத்தியாராவது சாதாரண விஷயம் அல்ல.

அண்ணல் அம்பேத்கரும் அந்த வேலையை விட்டவர்தான். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். 1920-ல் பணியை விட்டு லண்டன் சென்று படித்தார். 1923-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கினார். 1935-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராகவும் வந்தார்.

பட்டதாரிகள் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். பட்டியலினத்தவருக்குப் பட்டப்படிப்பில் 40 சதவீத மதிப்பெண் போதும். விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய பட்டியலினத்தவரிடம் 125 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. முத்திரைக் கட்டணம் தனி. அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. வகுப்புக்குத் தினமும் போக வேண்டும் என்பதால் பள்ளி வேலையைத் தொடர முடியாது. ஜூனியராக இருக்கும் காலத்திலும் வருமானம் குறைவு. இவர் வீட்டில் மனைவியின் தையல் மெஷினும் மாலை டியூஷனும்தான் அடுப்பை எரியவைத்தன. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். கணக்குப் போட்டுத் துணிந்தவரை 'நல்ல வேலையை விட்டவன்' என்று நாமும் ஏச வேண்டாம்.

ஞாயிறு மாலை காலனிக்குப் போனோம். டியூஷன் பிள்ளைகள் கிளம்பியதும், பெரியவர்கள் மனுக்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, "புரியுதா?" என்று கேட்டார் வாத்தியார்.