கண்ணாடி ஓரத்தில் ஒரு கையெழுத்து

பழைய காமிரா லென்ஸ் ஒன்று கையில் கிடைத்தால் நாம் முதலில் படிப்பது, அதன் பித்தளைக் குழாயின்மேல் அழகாகப் பொறித்திருக்கும் பெயரைத்தான். அதைச் செய்தவர் இவரே என்று அக்கணமே முடிவும் கட்டிவிடுகிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு லென்ஸுகள் பலவற்றில் அந்தப் பெயர் அதை விற்ற வியாபாரியுடையது. செய்தவரைக் காண வேண்டுமானால் குழாயைத் திருகிக் கழற்றி, உள்ளேயிருக்கும் கண்ணாடி வில்லையின் விளிம்பைப் பார்க்கவேண்டும். அங்கே பென்ஸிலால் எழுதிய சில எழுத்துக்கள் மறைந்திருக்கக்கூடும்.

கண்ணாடியில் பென்ஸில் எழுதுமா என்று நேயர்கள் கேட்கலாம். வில்லையின் இரு முகங்களும் நன்றாக மெருகேற்றப்பட்டவை. அவற்றில் எழுத்துப் பற்றாது. சுற்று விளிம்போ அரைத்தது அரைத்தபடியே சொரசொரப்பாக விடப்படுவது. குழந்தைகளின் சிலேட்டுப் பலகையைப்போல் அது கோட்டைப் பிடித்துக்கொள்ளும். பட்டறைத் தொழிலாளிக்கு அதுவே குறிப்புப் புத்தகமாயிற்று.

இந்த எழுத்துக்களின் கதை வியன்னா நகரில் தொடங்குகிறது. 1839-ல் டாகேரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியானபோது, உருவப்படம் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒரு தண்டனையாகவே இருந்தது. நல்ல வெயிலில் நிமிஷக் கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். 1840-ல் வியன்னா சர்வகலாசாலைக் கணித ஆசிரியர் ஜோஸப் பெட்ஸ்வால், முன்னிருந்தவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விடும் லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டே திட்டம் செய்தார். அந்த நெடுங்கணக்கில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் கணிதம் பயின்ற பீரங்கிப்படை வீரர்கள். ஃபோய்க்ட்லெண்டர் என்ற கருவித் தொழிலதிபர் அந்த லென்ஸைச் செய்து விற்றார். நிமிஷக் கணக்கு விநாடிக் கணக்காகச் சுருங்கிற்று.

ஆஸ்திரியாவுக்கு வெளியே அதற்குக் காப்புரிமை இல்லாமற்போகவே, பாரிஸ் பட்டறைகள் அதே திட்டத்தில் லென்ஸுகளைச் செய்து குவித்தன. ஜமேன் என்பவரும், அவருக்குப் பின் அத்தொழிலை ஏற்ற டார்லோ என்பவரும் அவர்களில் பிரசித்தி பெற்றவர்கள். அவர்களுடைய சரக்கு கடல்கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது. வாங்கிய வியாபாரிகள் சிலர் பித்தளையின்மேல் தங்கள் பெயரையே பொறித்துக்கொண்டார்கள். சில லென்ஸுகள் பெயரே இல்லாமல் விலைபோயின. அவற்றை இன்று கழற்றிப் பார்க்கிறவர்கள் விளிம்பில் டார்லோவின் பெயரைப் பென்ஸில் எழுத்தில் கண்டு உண்மையை உணர்கிறார்கள். வெளியே வியாபாரியின் விளம்பரம். உள்ளே வேலை செய்தவனின் சாட்சியம்!

பெயரைத் தவிர எண்களும் அம்புக்குறிகளும் உண்டு. பெட்ஸ்வாலின் லென்ஸில் நான்கு வில்லைகள்: முன்னால் ஒட்டிய இரண்டு, பின்னால் சிறிது இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு. துடைப்பதற்காகக் கழற்றுகிறவர் பின்வில்லை ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் படம் தெளிவிழந்து போகும். 1866-ல் லண்டன் டால்மேயர் அந்தப் பின்வில்லைகளின் வரிசையையே மாற்றியமைத்தார். ஆகவே ஒரு வகையில் பழகிய கை மற்றொரு வகையில் தவறுவதும் எளிது. எந்த முகம் எத்திசை நோக்கவேண்டும் என்பதை அம்புக்குறி சொல்லிவிடும். கையால் அரைத்த வில்லைகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். ஒரே எண்ணைத் தாங்கியவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்து வேறொன்றோடு கலக்கலாகாது.

இந்தக் குறிகளை இட்ட தொழிலாளி யாருக்காக இட்டான்? தன் பட்டறையில் வேலை முறைப்படி நடப்பதற்காகத்தான். ஆயினும், எங்கோ ஒரு தேசத்தில், தான் மறைந்த பிறகு அந்த லென்ஸைத் திறக்கும் முகமறியாத ஒருவனுக்கும் அவை வழிகாட்டுகின்றன. அந்த ஒருவனும் சில சமயம் பித்தளையின் உட்புறத்தில் தேதியையும் தன் பெயரின் முதலெழுத்துக்களையும் கீறி வைக்கிறான். இப்படி ஒரு கருவிக்குள்ளே பல தலைமுறைத் தொழிலாளிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பழைய லென்ஸுகளின்மேல் மீண்டும் ஆசை பிறந்திருப்பதால் அவற்றைத் திறப்போரும் பெருகிவிட்டனர். வில்லைகளை ஒட்டிய பழைய பிசின் மஞ்சளித்தால் கரைத்து எடுக்கிறார்கள். பூஞ்சைக் காளானைத் துடைக்கிறார்கள். உள்ளே ஒளி சிதறாமலிருக்க விளிம்புக்குக் கறுப்பு மை பூசுகிறார்கள். இவை அவசியமான வேலைகளே. ஆனால் நூற்றைம்பது ஆண்டு நிலைத்த பென்ஸில் கோடு, ஈரத்துணியின் ஒரே துடைப்பில் அழிந்துபோகலாம்.

நேயர்களில் யாருடைய வீட்டுப் பரணிலாவது தாத்தா காலத்துப் பித்தளை லென்ஸ் இருந்தால், பழக்கமில்லாத கையால் அதைத் திறக்கவேண்டாம். தேர்ந்த தொழிலாளியிடம் கொடுக்கும்போது, விளிம்பைத் துடைப்பதற்கு முன் அதிலுள்ளதைப் போட்டோ எடுத்துத் தரும்படி கேளுங்கள். எந்த எண் எந்த வில்லையில், எந்தத் திசையில் இருந்தது என்றும் எழுதி வாங்கி, லென்ஸோடு சேர்த்து வையுங்கள். செலவில்லாத காரியம் இது.

உழைப்புக்கு மதிப்புத் தரவேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். உழைத்தவனே தன் கையால் எழுதி வைத்ததைத் துடைத்தெறியாமல் காப்பது, அந்த மதிப்பின் முதற் படியாகும்.