முதுமையும் ஊர்ப் பொறுப்பும்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் ஆலயத்தில் அறுபது ஆண்டு நிறைந்தோர் சஷ்டியப்தபூர்த்தியும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதில் சதாபிஷேகமும் செய்துகொள்கின்றனர். அறுபதின் நிறைவை நம் முன்னோர் விடைபெறும் நாளாக வகுக்கவில்லை. கணவனும் மனைவியும் மீண்டும் மாலை மாற்றிக்கொள்ளும் மணநாளாகவே வகுத்தனர். ஆயினும், மாலையுடன் ஊர் திரும்பும் பெரியவருக்கு வீட்டிலும் ஊரிலும் என்ன இடம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சமூகவியல் அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் கம்மிங், ஹென்றி என்னும் இருவர் 1961-ல் வெளியிட்ட நூலில், முதியோர் பொறுப்புகளிலிருந்து மெல்ல விலகுதலும், சமூகம் அவர்களை விடுவித்தலும் இயல்பே என்றனர். ஹாவிகர்ஸ்ட் முதலியோரோ, விட்ட வேலைக்கு ஈடாக வேறொன்றை மேற்கொள்வோரே மனநிறைவுடன் வாழ்வர் என்றனர். பழகிய பணியையும் உறவையும் உடல்நிலைக்கேற்பச் சிறிது மாற்றித் தொடர்வதே பெரும்பாலோர் வழி என அட்ச்லி என்பவர் 1989-ல் விளக்கினார்.

உழவருக்கு இம்மூன்றாவது கருத்தே பெரிதும் பொருந்தும். சேற்றில் இறங்க இயலாதவர் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கலாம், நாற்றங்காலைப் பார்வையிடலாம். எந்த வடிகால் தூர்ந்தால் எந்த வயல் மூழ்கும் என்பதைக் கடைமடைப் பகுதி முதியவர் நன்கு அறிவார். ஓய்வை விரும்புவோர் ஒதுங்கியிருக்கட்டும். ஆனால் தாமே ஒதுங்குவது வேறு. பிறர் ஒதுக்கிவைப்பது வேறு. கூலிக்கு உழைத்தே உண்ணும் முதியவருக்கோ இவ்விரண்டும் இல்லை. தளர்ந்த பின்னும் உழைக்கவே நேர்கிறது. அவருக்கு முதலில் வேண்டுவது முதியோர் உதவித் தொகை. இத்திட்டம் நம் மாநிலத்தில் 1962-ல் தொடங்கப்பெற்றது.

நிலத்தை மக்களுக்கு எழுதிவைக்கும் பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் நன்று. அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அப்பத்திரத்தைச் செல்லாததாக்குமாறு தீர்ப்பாயத்தில் கோரலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடியவையும் பல. வாய்க்கால் தூர்வாருமுன் ஊர் முதியவர்களை உடன் அழைத்துச் சென்று கரையைப் பார்வையிடலாம். கிராம சபையில் அவர்கள் அமர இடமும் பேச நேரமும் ஒதுக்கலாம். உதவித் தொகைக்கு மனு எழுத இயலாத மூதாட்டிக்கு எழுதிக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும். நாமும் ஒருநாள் அத்திண்ணைக்கு வரப்போகிறவர்களே அல்லவா?