புன்னையின் மலைத் தங்கை

புன்னை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் நெய்தல் நிலமே விரியும். விளையாட்டாய் மணலில் அழுத்திய விதையொன்று முளைத்து மரமாக, அதனைத் தம் மகளிரினும் சிறந்த உடன்பிறந்தாளென்று கூறிய தாயொருத்தியை நற்றிணையின் 172ஆம் பாட்டிற் காண்கிறோம். அம்மரத்தின் நிழலிலே காதலனொடு நகையாட நாணுகின்றனர் அம்மகளிர்.

அப்புன்னைக்கு நம் நாட்டு மலையுச்சியில் உறவொன்று உண்டென்பதைப் பலர் அறியார். சிங்கள மக்கள் அதனைக் 'கீன' என்பர். தாவரவியலார் இரண்டினையும் 'கலோபில்லம்' என்னும் ஒரே சாதியில் அடக்குவர்; 'அழகிய இலை' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். நடுநரம்பிலிருந்து நெருக்கமாய் ஓடும் நுண்ணிய நரம்புகளைக் கண்டோர் அப்பெயர் பொருத்தமென்பர்.

இலங்கைக்கே உரிய இம்மரம், ஹோர்ட்டன் சமவெளியில் 2,100 மீற்றருக்கு மேலே, குடை விரித்தாற்போல் நிற்கின்றது. கிளையெங்கும் பாசி படர்ந்திருக்கும். தவழ்ந்து வரும் முகில் இலைகளிற் படிந்து துளியாகிச் சொட்ட, பாசியும் மண்ணும் அதனை ஏந்திச் சிறிது சிறிதாய் ஓடைகளுக்கு ஈகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளும் இம்மேட்டு நிலத்திலிருந்து நீர் பெறுகின்றன.

கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என 1873இல் அறிவுரை கூறினார், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் யோசப் ஹூக்கர். சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கோடரியைத் தடுத்த சட்டத்தால் வேறொரு கேட்டைத் தடுக்க இயலவில்லை. 1970களிலிருந்து அக்காட்டின் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. தோட்டுப்பொல மலைப் பக்கத்தில் இது மிகுதி; மிகவும் தாக்குண்டவற்றுட் கீனவும் ஒன்று. வறட்சியா, மண்ணின் நச்சுத்தன்மையா, காற்றின் மாசா என ஆய்வாளர் பல காரணங்களை ஆராய்ந்தும், இதுவே காரணமென ஒருமித்த முடிவு பிறக்கவில்லை.

மகாவலி ஈற்றில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கின்றது. புன்னை வளரும் கரைக்கும் கீன நிற்கும் மலைக்கும் இடையே அந்நீரே உறவு. மலைக்குச் செல்லும் மாணவர் காட்சி கண்டு மீள்வதோடு அமையாது, பட்டு நிற்கும் அம்மரத்தின் பெயரையேனும் கேட்டறிதல் வேண்டும். பெயர் தெரியாத ஒன்றனுக்காக எவரும் கவலைப்படுவதில்லை.