வைக்கோலை விற்குமுன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் இன்று கண்ணிற்படுவன பெரும்பாலும் தொழிற்சாலைகளே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும், ஒரகடத்தில் 2010-இலும் மோட்டார்க் கார் உற்பத்தி தொடங்கியது. எஞ்சியுள்ள நன்செய்களைப் பயிரிடும் நம் அங்கத்தினர்கள், "இவற்றால் நமக்கு யாது பயன்?" என்று மகாசபைகளில் வினவுகின்றனர். எரிவாயு அதற்கு ஒரு விடையாகலாம். ஆயினும் பத்திரத்தைப் படித்த பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும்.

சாணம், வைக்கோல், உணவுக் கழிவு ஆகியவற்றைக் காற்றுப்புகாத கலத்திலிட்டால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து வாயுவை உண்டாக்கும். அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மீதேன். சுமார் 25 கிலோ சாணம் ஒரு கன மீட்டர் வாயு தரும். இது புதுமையன்று, 1939-இல் டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தேசாய் என்பார் இதனைச் சோதித்தார். கிராமங்களுக்கேற்ற கலத்தை ஜஷ்பாய் பட்டேல் பின்னர் வகுத்தளித்தார். இன்று வாயுவைச் சுத்திகரித்து அழுத்தி வாகனங்களுக்கு விற்கின்றனர். நாமக்கல் மாவட்டத்தில் கோழி எருவையும் இதற்குப் பயன்படுத்துகின்றனர்.

குழாய் வழி விற்கும் வாயுவில் இதனைக் கலக்க வேண்டுமென 2023-இல் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. 2025-26-க்கு 1 சதவீதம் என்றும், 2028-29 முதல் 5 சதவீதம் என்றும் அளவு குறித்தது. ஆகவே வைக்கோல் தேடி வருவோர் பெருகுவர்.

இங்கேதான் கவனம் தேவை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு டன்னில் ஏறத்தாழ 15 கிலோ. அதனை விற்றுவிட்டு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பொட்டாஷைக் கடன்பட்டு வாங்குவது எத்தகைய வியாபாரம்? வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரியே. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் கலத்தில் மிஞ்சும் குழம்பில் தங்கிவிடுகின்றன. எனவே வைக்கோலின் விலையோடு குழம்பெருவையும் திருப்பித் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வெருவின் விற்பனைக்கு டன்னுக்கு ரூ. 1,500 உதவித்தொகையும் 2023-இல் அனுமதிக்கப்பட்டது. அதற்கும் மதிப்புண்டு என்பதை வாங்குவோர் நன்கறிவர். நாம் அறியாதிருத்தல் தகாது.

தனித்தனியே பேரம் பேசும் அங்கத்தினருக்கு இந்நிபந்தனை கிட்டாது. சங்கம் வைக்கோலைச் சேர்த்து விற்றால் கிட்டும். வட்டிக்கடைக்காரரிடம் தனியே சென்று தோற்றவர்களே 1904-இல் நம் அருகிலுள்ள திரூரில் கடன் சங்கம் கண்டனர்.

கால்நடைத் தீவனத்திற்கு வேண்டியதை ஒதுக்கிய பின்னரே மீதத்தை விற்கலாம். நெசவாளர் தெருக்களிலும் ஆலைச் சமையற்கூடங்களிலும் சேரும் உணவுக் கழிவு இதற்கு உகந்தது. பிளாஸ்டிக் கலந்திருத்தல் கூடாது. சாயப்பட்டறை வண்டலும் ஆலைக் கழிவும் கலத்தினுள் செல்லின், குழம்பெரு வயலுக்கு ஆகாது. இதனைத் தெருத்தோறும் பெண்களிடம் விளக்கிச் சொல்வது சங்கத்தின் பொறுப்பு. முதற்போகத்தில் கால் ஏக்கரில் மட்டும் இட்டு, மண்ணையும் எருவையும் பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பெற்ற அறிக்கையை அடுத்த மகாசபையில் படிக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.