அருகிருந்து பயிற்றுதல்



வேலையைப் பழக்கிவிட்டால் பையன் நம்மை விட்டுப் போய்விடுவானே என்னும் அச்சம் நம் நாட்டுக் கடைமுதலாளிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் நெடுங்காலமாக உண்டு. கணக்கேட்டைச் சிப்பந்தியின் கையிற் கொடுக்க மனம் வராது; சரக்கு எங்கிருந்து, என்ன விலைக்கு வருகிறதென்பதையும் சொல்லமாட்டார்கள். முதலாளி நோயாய்ப் படுத்தால் கடையும் அவரோடு படுத்துவிடும். இவ்வச்சம் நியாயமானதா என்பதை வட்டுக்கோட்டையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

அருகிருந்து பயிற்றுதலை ஆங்கிலத்திற் 'கோச்சிங்' என்பர். ஹங்கேரி நாட்டில் கோச் என்னும் ஊரிற் செய்யப்பட்ட வண்டிக்கு அவ்வூர்ப் பெயரே வழங்கிற்று. மாணவனைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்து கரைசேர்க்கும் தனியாசிரியரையும் 1830ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போர்டு மாணவர் வேடிக்கையாக அவ்வாறே அழைக்கலாயினர். பின்னர் அச்சொல் விளையாட்டுத் திடலுக்குச் சென்றது. 1974இல் டென்னிஸ் பயிற்றுநரான திமோதி கால்வே, ஆட்டக்காரனுக்கு எதிரே நிற்பவனிலும் அவன் மனத்துள் இருக்கும் தடையே பெரிய எதிரி என்று எழுதினார். அக்கருத்தைத் தொழில் நிலையங்களுக்குக் கொண்டுசென்றவருள் ஜோன் விற்மோர் முதன்மையானவர்.

பெயர் புதிதாயினும் முறை நமக்குப் புதிதன்று. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கினார். அங்கே இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியமும் பழக்கினார். நூலறிவு மட்டும் வைத்தியனை ஆக்காது. நோயாளியின் படுக்கையருகே நிற்கவேண்டும். புண்ணைக் கழுவிக் கட்டவேண்டும். இன்ன நோயென்று மாணவனே முதலிற் சொல்லவேண்டும். விடையைத் தாமே கூறிவிடுவது ஆசிரியருக்கு எளிது. மாணவன் வாயிலிருந்து வருவிப்பதே கடினம். ஆனால் அவ்வாறு வந்த விடைதான் ஆசிரியர் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும். கிறீன் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கில வைத்திய நூல்களையும் தமிழாக்கினார்.

அவர் தமிழை மேற்கொண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் கடைமுதலாளியின் அச்சத்துக்கு உறவுடையது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். தமிழிற் பயின்றோர் தத்தம் ஊரிலே தங்கி மக்களுக்கு உதவுவர் என அவர் எதிர்பார்த்தார். முதலாளி அறிவை மறைத்து ஆளை நிறுத்த முயல்கிறார். கிறீனோ அறிவைக் குறைக்கவில்லை, அது பயன்படவேண்டிய இடத்தின் மொழியிற் கொடுத்தார். இவ்வேறுபாடு சிறிதன்று.

இதே அச்சத்துக்கு வேறுவகையாக விடை கண்டவர்களும் உண்டு. அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானநூலும் ஆங்கிலமும் தமிழும் அங்கே ஆழமாகக் கற்பிக்கப்பட்டன. மாணவர் திறமை பெற்றனர். பெற்றபின் பலர் மிஷன் ஊழியத்தை விட்டு, நல்ல சம்பளமுள்ள உத்தியோகங்களுக்குப் போயினர். செலவிட்டவர்களுக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் குழுவினர் நிலைமையை ஆராய்ந்தனர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

அவர்கள் கணக்கில் அது நட்டமாயிருக்கலாம். ஆனால் போனவர்கள் எங்கே போயினர் என்று பார்க்கவேண்டாமா? சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர். அவர் சென்னைக்குச் சென்று, அங்குள்ள சருவகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவராகிய கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவரே. ஏட்டுச்சுவடியிற் கிடந்த கலித்தொகையைத் தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றினார். அவரை வட்டுக்கோட்டையிலேயே ஓர் உபாத்தியாயராக நிறுத்தியிருந்தால் செலவிட்டவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டிருக்கும். தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும்?

வணிகருக்கு இவ்விடை போதாது என்பதும் உண்மையே. தமிழுக்குக் கிடைத்த இலாபம் அவர் பேரேட்டில் ஏறாது. ஆயினும் பழகாத சிப்பந்தி போகாமல் இருந்துவிட்டால் வரும் நட்டத்தையும் அவர் எழுதிப் பார்க்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் அவனை அருகில் இருத்தி, அவன் போட்ட கணக்கை அவனையே விளக்கச் சொன்னால், தவறு ஆண்டு முடிவில் அல்லாமல் அந்த வாரத்திலேயே வெளிப்படும். அவனுக்குத் தன் அறிவில் நம்பிக்கை பிறக்கும். முதலாளியும் நல்லூர்த் திருவிழாவுக்குக் கடையைப் பூட்டாமற் போய்வரலாம்.

வட்டுக்கோட்டையில் மூடிய கதவு மூடியே இருக்கவில்லை. செமினரியிற் பயின்றவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் உயர்கல்வி மீண்டும் வேண்டுமென்று முயன்றனர். 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.