ஒரு கட்டைத் தம்புராவும் 100 ஹெர்ட்ஸ் முரலொலியும்

பலா மரத்தில் குடைந்து செய்யப்படும் தஞ்சாவூர்த் தம்புராவை ஆண்குரலுக்கு உரிய ஒரு கட்டை சுருதியில் சேர்க்கும்போது அதன் பஞ்சமக் கம்பி நொடிக்கு ஏறக்குறைய 98 முறை அதிர்கிறது. ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினால் அதுவே 104 ஆகிறது. பெண்குரலுக்காக ஐந்து கட்டைக்குச் சேர்த்தாலோ மந்தரக் கம்பி அதே 98-இல் வந்து நிற்கிறது. இந்திய வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிப் பாய்வதால், அதிலிருந்து பிறந்து ஹெட்ஃபோனுக்குள் புகுந்துவிடும் ‘ஹம்’ என்ற முரலொலி 50 ஹெர்ட்ஸிலோ அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸிலோ ஒலிக்கிறது. தம்புராவின் உயிர்நாடியான கம்பிக்கு இவ்வளவு அருகில் இன்னொரு ஒலி வந்து அமர்வதுதான் கர்நாடக இசை கேட்பவருக்கு நேரும் தனித்த தொல்லை.

அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும்போது மொத்த ஒலி ஏறியும் இறங்கியும் கேட்பதை இயற்பியல் ‘விம்மல்’ என்கிறது. பிரடையை முறுக்கி, மணியை நகர்த்தி, குதிரையின் மேல் கம்பிக்கடியில் நூலைச் செருகித் தம்புராவைச் சேர்ப்பவர் காது கொடுத்துத் தேடுவதும் இந்த விம்மல் மறையும் இடத்தைத்தான். அவ்வளவு பாடுபட்டுப் போக்கிய விம்மலை, 98-க்கும் 100-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் காரணமாக, நொடிக்கு இரண்டு வீதம் மின்சாரம் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. திருவையாற்று ஆராதனையின் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, கீர்த்தனைகளுக்கு இடையே தம்புரா மட்டும் ஒலிக்கும் நொடிகளில் இந்த அசைவு தெளிவாகப் புலப்படும். கணினியில் வடிகட்டி போட்டு 100 ஹெர்ட்ஸை நீக்கிவிடலாம் என்ற எளிய யோசனை இங்கே உதவாது; அந்த வடிகட்டி முரலொலியோடு கம்பியின் நாதத்தையும் அரித்துவிடும் என்பதால், பிறக்கும் இடத்திலேயே அதை நிறுத்துவதுதான் சரியான வழி.

இரண்டு முரலொலிகளில் 100 ஹெர்ட்ஸே காதில் முதலில் விழுகிறது. மனிதச் செவிக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி எட்ட வேண்டுமானால் அது 100 ஹெர்ட்ஸ் ஒலியைவிடச் சுமார் 17 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடுகள் அலையின் இரு பாதிகளையும் ஒரே பக்கம் மடித்துவிடுவதால் 50 துடிப்புகள் 100 ஆகின்றன; அவற்றைச் சமன்செய்ய வேண்டிய மின்தேக்கி பழசாகி வறண்டுபோனால் அந்தத் துடிப்பு இசையோடு கலக்கிறது. ஒலியளவுத் திருகியை முற்றிலும் குறைத்த பிறகும் முரலொலி அப்படியே இருந்தால் பெரும்பாலும் பழுது அங்கேதான். திருகியோடு சேர்ந்து அது கூடிக் குறைந்தால், வெளியிலிருந்து ஒயர் வழியாக வருகிறது என்று கொள்ளலாம்.

வெளியிலிருந்து வருவனவற்றில் மிகப் பரவலானது ‘எர்த் லூப்’. கணினி ஓர் அறையின் மூன்று முள் சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபயர் அடுத்த சுவரிலும் செருகப்பட்டு, இரண்டும் ஓர் ஆடியோ ஒயரால் இணைக்கப்படும்போது, ஒயரின் மேலுறைக் கம்பிவலை, இரு கருவிகளின் உலோக உடல்கள், சுவருக்குள் ஓடும் எர்த் ஒயர்கள் ஆகியவை சேர்ந்து ஒரு மூடிய வளையம் உருவாகிறது. இரு சாக்கெட்டுகளின் எர்த்துகளுக்கு இடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே வளையத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கும். இசைச் சமிக்ஞை திரும்பிச் செல்லும் பாதையும் அதே கம்பிவலையாக இருப்பதால், அங்கு எழும் மிகச் சிறிய மின்னழுத்தம் இசையோடு கூடிவிடுகிறது. இரு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஆடியோ ஒயரைக் குட்டையாக்கினால் வளையம் சுருங்கி ஒலி பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், மின்தொடர்பே இல்லாமல் ஒளியாகச் செய்தியைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளோ, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ வளையத்தை அறுத்துவிடும். எர்த் முள்ளை ஒடித்தாலும் முரலொலி நின்றுவிடும்தான், ஆனால் கருவிக்குள் கசிவு நேரும் நாளில் தொடுபவரின் உயிர் போகக்கூடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யலாகாது.

எர்த் ஒயரே இல்லாத இரண்டு முள் சார்ஜரின் சிக்கல் வேறு வகை. அதற்குள் இருக்கும் ஒரு சிறு மின்தேக்கி வழியாக மிகக் குறைந்த மின்சாரம் மடிக்கணினியின் உடலுக்குக் கசிகிறது. உலோக மூடியைப் புறங்கையால் மெல்லத் தடவினால் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரிவது அதனால்தான். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டதும் ஹெட்ஃபோன் அமைதியானால் காரணம் உறுதியாகிவிடும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை நறுக்கியும், மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டர் செங்குத்தாக ஏறி இறங்கும் அலையைத் தந்தும், முரலொலியைவிடக் கூர்மையான ஓர் இரைச்சலை எழுப்புகின்றன. விசிறியை முழு வேகத்தில் வைத்ததும் இரைச்சல் மறைந்தால் ரெகுலேட்டரை மின்தேக்கி வகைக்கு மாற்றுவதே போதும்.

காவிரிப் படுகையின் மண்ணுக்கும் இந்த முரலொலியில் பங்குண்டு. ஆற்று வண்டல் கலந்த களிமண் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது மேல்மண்ணின் மின்தடை கூடிவிடுகிறது. கரியும் உப்பும் அடுக்கி, சுமார் 2.5 மீட்டர் குழாயை இறக்கி அமைத்த எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். குழி வறண்டால் ஃபிரிட்ஜ், மோட்டார் முதலியவற்றின் கசிவு மண்ணில் இறங்காமல் எர்த் ஒயரின் மின்னழுத்தத்தையே உயர்த்திவிடும். குறுவைக்காக மும்முனை மின்சாரத்தில் போர் மோட்டார்கள் ஓடும் நேரங்களில் மூன்று முனைகளின் சுமை சமனற்றுப் போனால், மிஞ்சும் மின்சாரம் நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. வீட்டு வயரிங்கில் நியூட்ரலும் எர்த்தும் எங்கேனும் தவறுதலாக ஒட்டியிருந்தால் அதில் ஒரு பங்கு எர்த் ஒயரில் ஏறிவிடும். மோட்டார் ஓடும் வேளையில் மட்டும் ஹெட்ஃபோனில் முரலொலி எழுந்து, மோட்டார் நின்றதும் அடங்குமானால், ஹெட்ஃபோனை மாற்றுவதற்கு முன் மின்பணியாளரை அழைத்து மெயின் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.