படகுவீடுகளை அதிரவைத்த மீன்

1980களில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சாசலிட்டோ கரையில், படகுவீடுகளில் குடியிருந்தவர்கள் கோடை இரவுகளில் தூக்கம் தொலைத்தார்கள். இருட்டியதும் தரைப்பலகைக்கு அடியிலிருந்து ஒரே சுருதியில் ரீங்காரம் கிளம்பும். கழிவுநீர் பம்ப் என்றார்கள் சிலர், ராணுவத்தின் ரகசியச் சோதனை என்றார்கள் சிலர். ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் மெக்காஸ்கர்தான் விடை சொன்னார்: பாடுவது மிட்ஷிப்மேன் என்ற மீன்.

ஆழ்கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும் இம்மீன், வசந்தத்தில் கரையோரப் பாறைகளைத் தேடி வருகிறது. ஆண் மீன் கல்லுக்கு அடியில் குழி பறித்துக் கூடு அமைத்து, அங்கிருந்தபடி பெண்ணை அழைக்கும். அதன் காற்றுப்பையை (நம் மீனவர்கள் சொல்லும் நெட்டி) ஒட்டியுள்ள தசைகள் நொடிக்கு ஏறக்குறைய 100 முறை சுருங்கி விரிகின்றன. சில நேரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, இடைவெளியே இல்லாமல்! நீரின் வெப்பம் கூடினால் சுருதியும் கூடும்.

பாட்டைவிட வியப்பானது அதைக் கேட்கும் காது. ஆழம் குறைந்த நீரில் தாழ்ந்த ஒலி வெகுதூரம் செல்லாது. அதனுடன் எழும் உயர் அதிர்வெண்களே தொலைவுக்குப் போய்ச் சேரும். மற்ற மாதங்களில் பெண்ணின் காதுக்கு அவை சரியாகப் பிடிபடுவதில்லை. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது ஹார்மோன்கள் அந்தக் காதையே திருத்தி அமைக்கின்றன. ஜோசப் சிஸ்நெரோஸ், ஆண்ட்ரூ பாஸ் குழுவினர் 2004இல் இதை நிறுவினார்கள்: இனப்பெருக்கப் பருவத்தில் இல்லாத பெண் மீன்களுக்கு ஹார்மோன் கொடுத்ததும் அவற்றின் செவி உயர் அதிர்வெண்களையும் பிடிக்கத் தொடங்கியது.

பாடும் ஆண் தன் குரலாலேயே செவிடாகிவிடாதா? தசைக்கு ஆணையிடும் மூளை, அதே கணத்தில் காதின் கூருணர்வையும் தணித்துவிடுகிறது.

முட்டைகளைக் கல்லின் அடிப்பரப்பில் ஒட்டிவிட்டுப் பெண் போய்விடும். காவல் முழுக்கத் தந்தையுடையது. கடல் வற்றிக் கூடு வெளியே தெரியும்போதும் அது நகர்வதில்லை. ஈரக் கல்லடியில் காற்றைச் சுவாசித்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். இதற்கிடையில், பாடவே தெரியாத சிற்றுருவ ஆண்கள் சில பெண்போல் தோற்றம் காட்டி அந்தக் கூட்டுக்குள் நுழைந்து கருவூட்டிவிடுவதும் உண்டு.

இந்தப் பாட்டுக்கு இருள் தேவை. 2016இல் நி ஃபெங்கும் பாஸும் ஆய்வகத்தில் விளக்கை அணைக்காமல் வைத்தபோது ரீங்காரம் ஒடுங்கியது. நம்மை உறக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனினைப் போன்ற ஒரு பொருளைக் கொடுத்ததும், அந்த வெளிச்சத்திலும் மீன்கள் மறுபடி பாடின.